மைன்கிராஃப்ட்டில் தானாகச் சுரங்கம் தோண்டும் 'ஆமை': பாதி வழியில் நின்றுபோவது ஏன்?

மைன்கிராஃப்ட் உலகில் வைரம் வேண்டுமென்றால் பாறைகளை ஒவ்வொரு கட்டமாக உடைத்துக்கொண்டே போக வேண்டும். மணிக்கணக்கில் மவுஸை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்காரப் பொறுமை இல்லாதவர்களுக்கு வந்ததுதான் தானியங்கிச் சுரங்க இயந்திரம். ஒருமுறை செய்துவிட்டால் அது பாட்டுக்குத் தோண்டிக்கொண்டு வரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால், முதலில் செய்யும் இயந்திரம் பல நேரங்களில் வீடு திரும்புவதில்லை. ஏன் தெரியுமா?

எங்கே கிடைக்கும் இந்த இயந்திரங்கள்?

சாதாரண மைன்கிராஃப்ட்டில் இவை கிடையாது. ரசிகர்கள் எழுதிச் சேர்க்கும் 'மாட்' (மாடு இல்லீங்க, மாட்!) எனப்படும் கூடுதல் நிரல்களில்தான் கிடைக்கும். 'பில்ட்கிராஃப்ட்' மாட் தரும் 'குவாரி' இயந்திரத்துக்கு இன்ஜின் இணைத்தால், 9-க்கு 9 கட்டப் பரப்பை அடிப்பாறை வரை சுரண்டிவிடும். நமக்கு யோசிக்க வேலையே இல்லை. பெரிய பள்ளம்தான் மிச்சம். 'கிரியேட்' மாடில் தண்ணீர்ச் சக்கரம், காற்றாலை ஆகியவற்றின் சுழற்சியில் டிரில்களை ஓட்டலாம். பார்க்கவே அழகாக இருக்கும்.

மூளைக்கு வேலை கொடுப்பது 'கம்ப்யூட்டர்கிராஃப்ட்'. 2011-ல் டேனியல் ராட்கிளிஃப் உருவாக்கிய இந்த மாட், இப்போது 'சிசி: ட்வீக்ட்' என்ற பெயரில் தொடர்கிறது. இதில் வரும் குட்டி ரோபோவின் பெயர் 'டர்ட்டில்', அதாவது ஆமை. 7 இரும்புக் கட்டி, ஒரு பெட்டி, ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் ஆமை ரெடி. அது தோண்ட வேண்டுமென்றால் வைரப் பிக்காசு மாட்ட வேண்டும். அதற்கு 3 வைரம் தேவை. ஆக, வைரம் தேடுகிற இயந்திரத்துக்கே முதலில் வைரத்தைத்தான் முதலீடு செய்ய வேண்டும்! அது திரும்பி வராவிட்டால் நஷ்டம் கொஞ்சமல்ல.

ஆமை தானாக எதையும் யோசிக்காது. 'தோண்டு', 'முன்னால் போ', 'திரும்பு' என்று 'லூவா' மொழியில் நாம் எழுதிக் கொடுப்பதை மட்டும் செய்யும். 1993-ல் பிரேசிலில் உருவான லூவா, விளையாட்டுக்காகச் செய்த பொம்மை மொழி அல்ல. ரோப்லாக்ஸ் பயன்படுத்தும் 'லூவாவ்' மொழியும் இதிலிருந்து வந்ததுதான்.

போகிற கணக்கு சரி, வருகிற கணக்கு?

ஒரு நிலக்கரி போட்டால் ஆமை 80 கட்டம் நகரும். திரும்புவதற்கும் தோண்டுவதற்கும் எரிபொருள் செலவில்லை. 100 கட்ட நீளச் சுரங்கத்துக்கு 2 நிலக்கரி போட்டால் 160 கட்டம் வருமே, தாராளம் என்று தோன்றும். ஆமை கடைசி வரை போய்விடும். திரும்பும்போது 60 கட்டம் வந்து, வீட்டுக்கு 40 கட்டம் இருக்கையில் நின்றுவிடும். போக வர 200 கட்டம் என்பதால் 3 நிலக்கரி போட்டிருக்க வேண்டும்.

அடுத்த வில்லன் சரளைக்கல். எதிரில் இருப்பதை ஆமை உடைத்ததும் மேலிருந்து சரளை சரிந்து அதே இடத்தை அடைத்துக்கொள்ளும். 'முன்னால் போ' என்ற கட்டளை தோற்றுப்போகும். ஆனால் நிரல் அதைக் கவனிக்காமல் ஒரு கட்டம் நகர்ந்ததாகவே கணக்கு வைக்கும். இப்படி மூன்று முறை நடந்தால், 97 கட்டம் போன ஆமை 100 போனதாக நம்பும். திரும்பும்போதும் தோண்டச் சொல்லியிருந்தால், கிளம்பிய இடத்தையும் தாண்டிப் போய் நம்முடைய பெட்டியையே உடைத்துவிடும். எதிரில் ஏதாவது இருக்கும்வரை தோண்டிக்கொண்டே இருக்கச் சொல்வதும், உண்மையில் நகர்ந்தால் மட்டுமே எண்ணிக்கையைக் கூட்டுவதும்தான் இதற்கு வழி.

இன்னொரு சிக்கலும் இருக்கு. மைன்கிராஃப்ட் உலகம் 16-க்கு 16 கட்டத் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. நாம் தூரமாகப் போய்விட்டால் அந்தத் துண்டுகள் உறங்கிவிடும், ஆமையின் நிரலும் நின்றுவிடும். திரும்பிப் போனால் ஆமை மறுபடி கண் விழிக்கும். ஆனால், எந்த இடத்தில் விட்டோம் என்பது அதற்கு ஞாபகம் இருக்காது. ஒவ்வொரு நகர்வையும் கோப்பில் எழுதி வைக்கச் சொன்னால்தான் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஆமையுடன் வரும் 'எக்ஸ்கவேட்' நிரலை முதலில் ஓட்டிப் பார்ப்பது நல்லது. 16 அறைகளும் நிறைந்தால் மேலே வந்து பெட்டியில் கொட்டும். திரும்ப எரிபொருள் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளும். அந்த நிரலைத் திறந்து படித்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

மொபைலில் முடியுமா?

முடியாது. இந்த மாட்கள் கணினியில் ஓடும் ஜாவா பதிப்புக்கு மட்டுமே. அதிலும் கவனம் தேவை. மாட் என்பது நம் கணினியில் ஓடும் முழு நிரல். 2023 ஜூனில் 'ஃபிராக்சரைசர்' என்ற வைரஸ், பிரபலமான கர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில் இருந்த சில மாட்களுக்குள்ளேயே புகுந்து லாகின் விவரங்களைத் திருடியது. வீட்டில் நெட்பேங்கிங்குக்குப் பயன்படுத்தும் கணினியில், யூடியூப் வீடியோவுக்குக் கீழே இருக்கும் ஏதோ ஒரு லிங்க்கிலிருந்து பிள்ளைகள் மாட் இறக்குகிறார்களா என்று பெற்றோர் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.