பொதி கட்டுவோர் முதலிற் காணவேண்டிய பிழை

லினக்ஸ் மென்பொருளை மூலநிரலிலிருந்து பொதியாகக் கட்டப் புகும் மாணவர் பலர், திரையின் அடியிலுள்ள இறுதிப் பிழைச்செய்தியைக் கண்டு மயங்குவர். அது பெரும்பாலும் விளைவே. காரணம் மேலேயுள்ள முதற்பிழையில் உளது. தலைப்புக்கோப்பொன்று இல்லையென அது கூறின், நூலகம் நிறுவப்பட்டிருந்தும் தொகுத்தற்குரிய கோப்புகள் இல்லாதிருத்தல் கூடும். அவை தனிப்பொதியாக வழங்கப்படுகின்றன. 1993 இல் தொடங்கிய டெபியனில் அப்பொதியின் பெயர் 'டெவ்' என்றும், பெடோராவில் 'டெவல்' என்றும் முடியும்.

அதனை நிறுவியதோடு அமைதல் போதாது. கட்டுதற்கு வேண்டுவனவற்றின் பட்டியலிலும் அதன் பெயரை எழுதுதல் வேண்டும். எழுதாவிடின், நம் கணினியிற் கட்டப்படும் பொதி பிறர் கணினியில் தவறும். நம்மிடம் உள்ளது அயலாரிடமும் உண்டென எண்ணலாகாது. ஆதலின், வேறெதுவும் நிறுவப்படாத தூய சூழலில் மீண்டுமொருமுறை கட்டிப் பார்த்த பின்னரே பொதியைப் பிறர்க்கு வழங்குதல் முறையாகும்.