ஒரு திருகாணிக்காக ஒரு தேடல்

சைக்கிளில் ஒரு திருகாணி தொலைந்துபோனால் நீங்கள் கவலைப்படுவதில்லை. கடைக்குப் போய் அதே அளவில் வேறொன்று வாங்கி முடுக்கிவிடுகிறீர்கள். ஆனால் 200 ஆண்டுகளுக்கு முந்திய சிக்கிமுக்கித் துப்பாக்கியில் திருகாணி தொலைந்தால்? அதே கொல்லர் அதே பட்டறையில் செய்த இன்னொரு துப்பாக்கியின் திருகாணிகூட அதற்குப் பொருந்தாமல் போகலாம்!

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 18ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட நீண்ட ரைபிள்கள் இத்தகையவை. ஜெர்மனியிலிருந்து குடியேறிய கொல்லர்கள் அவற்றைச் செய்யத் தொடங்கினார்கள். குழலின் உட்புறத்தில் வளைந்து செல்லும் வரிப்பள்ளங்கள் குண்டைச் சுழல வைக்கும். அதனால் குறி தப்பாது. குழல் நெடுநாள் உழைக்கும். தொல்லை தருவது பக்கத்தில் இருக்கும் ‘பூட்டு’தான்.

விசையை இழுத்ததும், கவட்டைபோல் மடங்கியிருந்த எஃகு வில் விரிகிறது. ‘குதிரை’ என்னும் உறுப்பு முன்னே பாய்கிறது. அதன் வாயில் கவ்வியுள்ள சிக்கிமுக்கிக் கல், எதிரே நிற்கும் எஃகுத் தகட்டை உரசுகிறது. பொறி கல்லிலிருந்து பறப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கல்லின் கூரிய விளிம்பு எஃகிலிருந்து நுண்ணிய துணுக்குகளைச் சீவுகிறது. உராய்வால் சூடேறிய அத்துணுக்குகள் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து எரிகின்றன. எரிவது எஃகுதான்! பொறி கீழேயுள்ள கிண்ணத்து மருந்தில் விழ, நெருப்பு ஒரு சிறு துளை வழியாகக் குழலுக்குள் பாய்கிறது.

ஆகவே தகடு தேய்ந்தே தீரும். கடினமான மேற்பரப்பு போய்விட்டால் பொறி வராது. இதற்குப் புதுத் தகடு தேட வேண்டியதில்லை. பழையதைக் கரித்தூளுடன் பெட்டியில் அடைத்துப் பழுக்கக் காய்ச்சினால், கார்பன் இரும்பின் மேற்பரப்பில் ஊடுருவும். தண்ணீரில் தோய்த்ததும் மீண்டும் கடினமாகிவிடும். வில் முறிந்தால் கதை வேறு. புதிதாகத்தான் செய்ய வேண்டும். எஃகைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, பிறகு நீலநிறம் தோன்றும்வரை, ஏறத்தாழ 300 டிகிரி செல்சியசுக்கு, மறுபடியும் சூடாக்குவார்கள். இந்த இரண்டாவது சூடு இல்லாவிட்டால் வில் கண்ணாடிபோல் உடையும்.

மற்ற உறுப்புகளுக்கு இன்று வார்ப்புகள் கிடைக்கின்றன. பூட்டைத் தாளில் வைத்து விளிம்பை வரைந்து, துளைகளின் இடைவெளியை அளந்து, அதற்கு மிக நெருங்கிய வார்ப்பைத் தேர்ந்தெடுப்பார்கள். வந்து சேர்வது கச்சாத் துண்டுதான். அரத்தால் ராவி ராவிப் பொருத்த வேண்டும். பூட்டின் உள்ளே குதிரையைப் பிடித்து நிறுத்தும் சிறு வெட்டு ஒன்று உண்டு. அதன் விளிம்பு மழுங்கியிருந்தால், விசையைத் தொடாமலே துப்பாக்கி வெடிக்கக்கூடும்! பழகிய கைகளுக்கு மட்டுமே உரிய வேலை இது.

ஏன் இவ்வளவு பாடு? ஒவ்வொரு துண்டையும் கொல்லர் அடுத்த துண்டுக்கு ஏற்பவே ராவினார். பொது அளவு என்று ஒன்று இல்லை. திருகாணிப் புரிகளுக்கு ஒரே அளவு வேண்டுமென்று இங்கிலாந்தில் விட்வொர்த் திட்டம் தந்ததே 1841இல்தான்.

ஆனாலும் சிலர் முன்பே முயன்றார்கள். பாரிசில் ஹொனோரே பிளாங்க் என்பவர், 1785இல், 50 பூட்டுகளின் உறுப்புகளைப் பிரித்து தாமஸ் ஜெபர்சன் முன் வைத்தார். கைக்கு வந்த துண்டுகளை எடுத்து ஜெபர்சனே சில பூட்டுகளைச் சேர்த்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தின! அமெரிக்காவில் இதை முழுத் துப்பாக்கியிலும் சாதித்தவர் ஜான் ஹால். ஹார்ப்பர்ஸ் பெரி ஆயுதசாலையில் 1819இல் வேலையைத் தொடங்கிய அவர், வெட்டும் இயந்திரங்களையும் அளவுகோல் அச்சுகளையும் தாமே வகுத்தார். அவருடையதும் சிக்கிமுக்கி ரைபிள்தான். சில ஆண்டுகளுக்குப் பின் அரசு அனுப்பிய குழுவினர் அவருடைய 100 ரைபிள்களைக் கழற்றி, உறுப்புகளை ஒன்றாகக் கலந்து, மீண்டும் பூட்டச் சொன்னார்கள். அரத்தைத் தொட வேண்டிய தேவையே வரவில்லை.