மூக்கு எங்கே போச்சு?

ஒரே தொடர், ஒரே படச்சுருள், ஐந்து விதமான பெட்டிகள். 'டிராகன் பால் இஸட்' அனிமே தொடரை 2007-க்கும் 2019-க்கும் இடையில் அமெரிக்காவில் ஃபனிமேஷன் நிறுவனம் டிவிடியாகவும் ப்ளூ-ரேயாகவும் திரும்பத் திரும்ப வெளியிட்ட கதை இதுதான். 1989 முதல் 1996 வரை ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஓடிய 291 எபிசோடுகள் அவை. ஐந்து பெட்டிகளையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தால், ஒன்றில் கதாநாயகனின் தலைமுடி பாதியில் வெட்டுப்பட்டிருக்கும், இன்னொன்றில் முகம் மெழுகு பூசியதுபோல் வழவழக்கும், வேறொன்றில் படம் முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளி ஆடும். இவற்றுள் எது நல்ல பதிப்பு என்று கடையில் கேட்டால் பெரும்பாலும் கடைசியாக வந்ததை எடுத்து நீட்டுவார்கள். நான் அந்தப் புள்ளி ஆடும் பெட்டியைத்தான் எடுப்பேன்.

சென்னையில் ஒரு பிலிம் லேபின் டெலிசினி அறையில் வேலை பார்த்தவன் நான். படச்சுருளில் இருப்பதை வீடியோவாக மாற்றுவது டெலிசினி. எங்களிடம் வந்ததெல்லாம் தமிழ், தெலுங்குப் படங்கள்தான், அனிமே கிடையாது. சிங்கப்பூரில் வேலை செய்யும் அக்கா மகன் ஊருக்கு வரும்போதெல்லாம் டிஸ்குகளைக் கொண்டுவந்து குவித்த பிறகுதான் அந்தப் பக்கம் பார்வை போனது. பார்க்கப் பார்க்கத் தெரிந்தது, லேபில் நாங்கள் கேட்ட அதே கேள்விதான் இங்கேயும்: மூலத்தில் இருந்ததில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது?

நாலு ஓரம்

எந்த டிஸ்க்கைப் போட்டாலும் நான் முதலில் பார்ப்பது சட்டத்தின் நாலு ஓரத்தை. பழைய தொலைக்காட்சி அனிமே எல்லாம் 4:3 அளவில், கிட்டத்தட்டச் சதுரமாக வரையப்பட்டவை. இன்றைய டிவி 16:9. இடமும் வலமும் கறுப்புப் பட்டை விழுந்தால் வாங்கியவர் முகம் சுளிப்பார் என்று, சில நிறுவனங்கள் மேலேயும் கீழேயும் வெட்டிவிட்டு அகலப்படம் என்று விற்கின்றன. கணக்குப்படி உயரத்தில் கால் பங்கு போய்விடும். 2007-இல் தொடங்கிய ஃபனிமேஷனின் ஆரஞ்சு நிற டிவிடி பெட்டிகளும், 2013-இன் இறுதியில் வரத் தொடங்கிய ப்ளூ-ரேக்களும் இப்படி வெட்டப்பட்டவைதான். நெற்றி இல்லாத முகங்களும் பாதம் இல்லாத உதைகளும் அவற்றில் நிறைய. பழைய தொடர் ஒன்று டிவி திரையை முழுக்க அடைத்துக்கொண்டு ஓடினால் சந்தேகப்படுங்கள். கறுப்புப் பட்டை இருப்பது நல்ல அறிகுறி.

கிரெயின் அழுக்கு இல்லை

அடுத்து கிரெயின். பிலிமின் வெள்ளித் துகள்களால் உண்டாகும் அந்தப் பொடிப் புள்ளிதான் படத்தின் சதை. 'டிராகன் பால் இஸட்' 16 மில்லிமீட்டர் பிலிமில் எடுக்கப்பட்டது. சட்டம் சின்னது என்பதால் பெரிய திரைக்கு வரும்போது கிரெயின் பெரிதாகவே தெரியும். அதைக் குறை என்று நினைப்பவர்கள் டிஜிட்டல் வடிகட்டியைப் போட்டு வழித்தெடுக்கிறார்கள். அந்த வடிகட்டி அடுத்தடுத்த ஃபிரேம்களை ஒப்பிட்டு, ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாததை இரைச்சல் என்று தீர்மானித்து நீக்கும். சினிமாவில் முகத்தின் தோல் மெழுகாகும். அனிமேயில் நடப்பது அதைவிட மோசம். அங்கே படமே மெல்லிய கோடுகளால் ஆனது. கை வேகமாக அசையும்போது விரல் கோடு ஃபிரேமுக்கு ஃபிரேம் இடம் மாறும், வடிகட்டி அதையும் இரைச்சல் என்று விழுங்கிவிடும். கோயில் தூணில் மணல் வீசிச் சுத்தம் செய்தால் அழுக்கோடு கல்வெட்டு எழுத்தும் தேய்ந்துபோகும் அல்லவா, அதே கதைதான்.

அக்கா மகன் ஒருமுறை இப்படி வழித்தெடுத்த டிஸ்க் ஒன்றைப் போட்டுவிட்டு, "மாமா, எவ்வளவு பளிச்சுனு இருக்கு பாருங்க!" என்றான். தூரத்தில் நாலு பேர் நிற்கும் காட்சி. நிறுத்தச் சொன்னேன்.

"பளிச்சுனுதான் இருக்கு. அந்த மூணாவது ஆளுக்கு மூக்கு எங்கேடா போச்சு?"

அவன் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தான். தூரத்து முகத்தில் மூக்கென்று வரைந்தவர் இழுத்தது ஒரே ஒரு சின்னக் கோடு. அதைத்தான் வடிகட்டி தின்றிருந்தது.

'டிராகன் பால் இஸட்' தொடரை ஒழுங்காகப் பாதுகாத்தது ஜப்பானில் 2003-இல் வந்த 'டிராகன் பாக்ஸ்'. அதே மாஸ்டரை, அதாவது டிஸ்குகளுக்கு மூலமான பிரதியை, வைத்து அமெரிக்காவில் 2009 முதல் 2011 வரை ஏழு பெட்டிகள் வந்தன. வெறும் டிவிடிதான், ஆனால் முழுச் சட்டம் உண்டு, கிரெயின் உண்டு, கோடு கோடாகவே இருந்தது. அடுத்து 2011-இல் 'லெவல்' என்ற பெயரில் பிலிமிலிருந்து ஃபிரேம் ஃபிரேமாகச் சீர்செய்த ப்ளூ-ரே வந்தது. புள்ளி ஆடும் பெட்டி என்று சொன்னேனே, அது இதுதான். 291 எபிசோடுக்கும் அந்த வேலையைச் செய்து முடிப்பது சாமானியமா? இரண்டு தொகுதியோடு நின்றுபோனது. 2019-இல் வந்த முப்பதாம் ஆண்டுப் பதிப்பு 4:3 அளவுக்குத் திரும்பியது, ஆனால் வடிகட்டியை விடவில்லை. ஆகவே, பழைய டிவிடி ஒன்று புதிய ப்ளூ-ரேயைத் தோற்கடித்த கதை இது.

ப்ளூ-ரே என்ற பெயர் போதாது

அட்டையில் 1080 என்று போட்டிருப்பதை நம்பிவிட வேண்டாம். அமெரிக்க, ஜப்பானிய டிவிடியின் சட்டம் 720×480 புள்ளி, ப்ளூ-ரேயின் சட்டம் 1920×1080. மூலத்தில் அத்தனை விவரம் இருந்தால்தான் இந்தப் பெரிய சட்டத்துக்குப் பயன். 1998-இல் வந்த 'கௌபாய் பிபாப்' பிலிமில் எடுத்தது. அந்தப் பிலிமை மறுபடியும் ஸ்கேன் செய்து டிவிடியில் வராத கோடுகளை வெளியே கொண்டுவர முடிந்தது. 2003-இல் வந்த 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' கணினியிலேயே, அன்றைய சாதாரண டிவி அளவில் முடிக்கப்பட்டது. அதன் ப்ளூ-ரே சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கியதுதான். இழுத்த படத்தைக் கூர்மையாகக் காட்ட மென்பொருளை முடுக்கினால் கோட்டின் இரு பக்கமும் வெள்ளை நிழல் விழும். வயதில் மூத்த தொடர் பளபளக்க, இளைய தொடர் மங்கலாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ஒரு டிஸ்க்கில் எத்தனை எபிசோடு என்பதையும் கவனியுங்கள். இரட்டை அடுக்கு ப்ளூ-ரேயின் கொள்ளளவு 50 ஜிபி. ஜப்பானில் ஒரு டிஸ்க்கில் இரண்டோ மூன்றோ எபிசோடு வைத்து விற்பது வழக்கம். வெளிநாட்டுப் பெட்டிகளில் 13 வரை திணிப்பார்கள். 24 நிமிட எபிசோடுகள் 13 என்றால், ஒலியையும் சேர்த்து வினாடிக்குச் சராசரியாக 21 மெகாபிட் வரும். ப்ளூ-ரே படத்துக்கு மட்டுமே 40 மெகாபிட் வரை இடம் தரும். சுத்தமான கணினி ஓவியத்துக்கு 21 தாராளம், கிரெயின் நிறைந்த பழைய படத்துக்கு நெருக்கடி. சோதிக்க வேண்டிய இடம் சூரியன் மறையும் வானம், அல்லது இருட்டறைச் சுவர். நிறம் மெல்ல மாறாமல் படிப்படியாகப் பட்டை விழுந்தால் படத்தை அளவுக்கு மீறி அழுத்திச் சுருக்கியிருக்கிறார்கள் என்று பொருள். வேகமாக ஓடும் காட்சியில் நிறுத்தி, சீப்புப் பல் போன்ற கோடுகளோ, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு உருவமோ தெரிகிறதா என்றும் பாருங்கள். வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தை ஜப்பானிய டிவி கணக்குக்கும், ஐரோப்பாவும் நம் நாடும் பழகிய 25 ஃபிரேம் கணக்குக்கும் அவசரமாக மாற்றியதன் தழும்பு அது.

டிவியில் வந்தது வேறு

அனிமேயில் இன்னொரு விசேஷம் உண்டு. டிஸ்க்கில் இருப்பது டிவியில் வந்ததேதான் என்று சொல்ல முடியாது. வாரம் ஒரு எபிசோடு என்ற ஓட்டத்தில் அரைகுறையாகப் போனதை டிஸ்க்குக்காகத் திரும்ப வரைவார்கள். 2015-இல் 'டிராகன் பால் சூப்பர்' ஐந்தாம் எபிசோடின் கோணல் முகங்களைப் பார்த்து ஊரே சிரித்தது, ப்ளூ-ரேயில் அவை திருத்தப்பட்டன. 2011-இன் 'மடோகா மேஜிகா'விலும் டிவிக்கும் டிஸ்க்குக்கும் நிறைய வித்தியாசம்.

வெளிச்சமும் மாறும். 1997 டிசம்பர் 16 அன்று 'போக்கிமான்' எபிசோடு ஒன்றில் சிவப்பும் நீலமும் மாறிமாறி வெட்டியதில் ஜப்பானில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதிலிருந்து ஒளி மின்னி வெட்டும் காட்சிகளை டிவியில் மங்கலாக்கியே காட்டுகிறார்கள். டிஸ்க்கில் பலமுறை அந்த மங்கல் நீக்கப்பட்டிருக்கும். வலிப்பு நோய் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காதும் எழுத்தும்

ஒலிக்கு ஒரு சுலபச் சோதனை. ஜப்பானிய ஒலியை வைத்து ஆங்கில வசன எழுத்தை ஓடவிடுங்கள். யாரும் வாய் திறக்காத இடத்தில் எழுத்து வந்தால், அது ஜப்பானிய வசனத்தின் மொழிபெயர்ப்பு இல்லை, ஆங்கில டப்பிங்கை அப்படியே அச்சடித்தது. திரையில் தெரியும் கடிதம், கடைப்பலகை போன்றவற்றுக்கும் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டும் முக்கியம். 'நியான் ஜெனிசிஸ் இவாஞ்சலியன்' தொடரின் எபிசோடுகள் 'ஃப்ளை மீ டு த மூன்' பாட்டோடு முடியும். 2019-இல் நெட்ஃபிளிக்ஸில் ஜப்பானுக்கு வெளியேயும், 2021-இல் அமெரிக்க ப்ளூ-ரேயிலும் அந்தப் பாட்டு இல்லை. படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு ஓட்டை.

வாங்கும் முன் கடைசியாக மண்டலம். ப்ளூ-ரேயில் ஜப்பானும் அமெரிக்காவும் ஏ மண்டலம், இந்தியா சி. இங்கே வாங்கிய பிளேயரில் அங்கே வாங்கிய டிஸ்க் ஓடாமல் போகலாம்.

அக்கா மகனுக்கு நான் சொல்லியிருக்கும் யோசனையும் இதுதான்: அட்டை வாசகத்தை விடு. எந்த மாஸ்டர், எந்த அளவு, ஒரு டிஸ்க்கில் எத்தனை எபிசோடு என்று மூன்று கேள்வி கேள். பதில் கிடைக்காவிட்டால் ஒரே ஒரு தூரத்துக் காட்சியை நிறுத்திப் பார். வரைந்தவர் போட்ட கோடு அங்கே இருந்தால் காசைக் கொடு. இல்லாவிட்டால், எத்தனை ஆண்டு விழாப் பதிப்பாக இருந்தாலும் அலமாரியிலேயே இருக்கட்டும்.