கரைப்பானும் மருந்துதான்

சாத்தான்குளம் உள்ளிட்ட தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் மானாவாரிக் காடுகளில் நிலாவரை விளைகிறது. வியாபாரிகள் அதைச் சென்னா என்பார்கள். அவுரி என்று சொல்லும் ஊர்களும் உண்டு. உலக மருந்து நூல்களில் இதற்குத் ‘திருநெல்வேலி சென்னா’ என்றே பெயர். விதைத்து இரண்டு மாதம் போல ஆனதும் முதல் பறிப்பு. பறித்த இலையைக் கடும் வெயிலில் போடுவதில்லை. நிழலில் ஒரு வாரம், பத்து நாள் பரப்பி வைத்து, பச்சை மாறாமல் உலர்த்தி, அழுத்திப் பொதியாகக் கட்டித் தூத்துக்குடிக்கு அனுப்புகிறார்கள். அங்கிருந்து கப்பல்.

மலச்சிக்கலுக்கு உலகம் முழுக்கக் கொடுக்கப்படும் மருந்து இந்த இலையில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையாத மருந்துகள் பட்டியலிலும் சென்னாவுக்கு இடம் உண்டு. வேலை செய்யும் பொருளின் பெயர் சென்னோசைடு. ஆனால் நல்ல இலையிலும் அது நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அளவில்தான் கிடைக்கும். நூறு கிலோ பொதியில் சுமார் இரண்டரைக் கிலோ மருந்து. மீதியெல்லாம் நார், பிசின், பச்சையம், மெழுகு. அந்த இரண்டரைக் கிலோவை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது? மருந்துத் தொழிலின் பாதிக் கதை இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும். எது, எதில், எவ்வளவு கரையும் என்று தெரிந்தவர்தான் பிரிக்க முடியும்.

பாடநூல்களில் உள்ள முறை ஒன்றைப் பார்ப்போம். இலைத்தூளை 70 சதவீத மெத்தனாலில் ஊறவைத்து வடித்தால், சென்னோசைடு வேறு பல பொருள்களோடு சேர்ந்து சாற்றில் இறங்குகிறது. சாற்றைச் சுண்டவைத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, பி.எச். அளவை மூன்றுக்குச் சற்று மேலே கொண்டுவந்து குளிரில் வைக்கிறார்கள். வேண்டாத சில பொருள்கள் அடியில் படிகின்றன. அவற்றை வடிகட்டிவிட்டு, சாராயத்தில் கரைத்த கால்சியம் குளோரைடைக் கலக்கியபடியே ஊற்றி, அம்மோனியா சேர்த்து பி.எச். எட்டுக்கு ஏற்றினால் பழுப்புநிறத் தூள் கீழே இறங்குகிறது. அதுதான் கால்சியம் சென்னோசைடு. அமிலமாக இருந்த மூலக்கூறு கால்சியத்தைப் பிடித்து உப்பாகிவிட்டது. இந்த உப்புக்குச் சாராயம் ஒத்துவராது, தண்ணீர் ஒத்துவரும். ஒரு கிராம் கரைய 35 மில்லி தண்ணீர் போதும். ஆல்கஹால் என்றால் 2,100 மில்லி வேண்டும். ஈதரில் 6,100 மில்லி. ஆகவே சாராயத்தில் வீழ்படிவாகிப் பிரிகிற அதே பொருள், மாத்திரையாகி வயிற்றுக்குள் போனதும் தண்ணீரில் கரைகிறது.

தூத்துக்குடி உப்பளத்தில் நடப்பதும் இதே வேலை. அடர்த்திமானியில் சுமார் 3 டிகிரி காட்டி உள்ளே வரும் கடல்நீர் வெயிலில் வற்ற வற்ற அடர்த்தி ஏறுகிறது. குறைவாகக் கரையும் கால்சியம் சல்பேட் உப்புக்கு முன்பே படிகிறது; 25 டிகிரியை எட்டும்போது உப்பு பூக்கிறது; நன்றாகக் கரையும் மக்னீசிய உப்புகள் கடைசிவரை கசப்பு நீரிலேயே தங்குகின்றன. எந்த டிகிரியில் எந்தப் பாத்திக்கு நீரைத் திருப்ப வேண்டும் என்று அறிந்த உப்பளத் தொழிலாளி, தெவிட்டிய கரைசல் என்றால் என்ன என்று வேதியியல் மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

இந்த மாவட்டங்களின் இன்னொரு மருந்துப் பயிர் நித்தியகல்யாணி. கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் 1958இல் இதன் இலையிலிருந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தார்கள். இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் வின்கிரிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்கு இலை நூற்றுக்கணக்கான கிலோ வேண்டும். நிலாவரைக்கு நேர்மாறாக, இங்கே மருந்து காரத் தன்மை கொண்டது. காரமாக இருக்கும்வரை எண்ணெய்த் தன்மையுள்ள கரைப்பான்களில் இருக்கும். அமில நீர் பட்டால் உப்பாகித் தண்ணீருக்குத் தாவும். அம்மோனியா விட்டால் மறுபடி பழைய இடத்துக்கே திரும்பும். இப்படி இங்கும் அங்கும் மாற்றி மாற்றித்தான் நூற்றுக்கும் மேற்பட்ட காரப்பொருள்கள் கொண்ட இலையைக் கட்டம் கட்டமாகச் சுத்தம் செய்கிறார்கள்.

சரி, கரைதிறனை எப்படி அளக்கிறார்கள்? அடிப்படை முறை மிக எளிமையானது. பாரசிட்டமாலை எடுத்துக்கொள்வோம். கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் ஊற்றி, கரையக்கூடியதைவிடக் கூடுதலாகவே தூளைப் போட வேண்டும். அடியில் கரையாத தூள் கிடப்பதுதான் நீர் தெவிட்டிவிட்டதற்கு அடையாளம். குடுவையை மூடி, வெப்பம் மாறாத நீர்த்தொட்டியில் வைத்துக் குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள், இரண்டு நாள், சில மருந்துகளுக்கு மூன்று நாள்கூட ஆகும். அடுத்தடுத்து எடுத்த இரண்டு அளவுகள் ஒன்றாக வரும்வரை நிறுத்தக் கூடாது. பிறகு மேலே தெளிந்த நீரை எடுத்து, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, நீர்க்கவைத்து, புறஊதாக் கதிர் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்க்க வேண்டும். பாரசிட்டமாலுக்கு 243 நானோமீட்டர் அலைநீளம். கிடைக்கும் விடை: 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 14 கிராம்.

செய்முறை எளிது, பிழைக்கும் இடங்களோ பல. வடிகட்டும் தாளே கொஞ்சம் மருந்தை உறிஞ்சிவிடலாம். வடிக்கும் நேரத்தில் கரைசல் ஆறினால் மருந்து படிகமாகி வெளியே விழலாம். எல்லாவற்றையும்விட, அடியில் கிடக்கும் தூள் நாம் போட்ட அதே தூள்தானா என்று பார்க்க வேண்டும். தண்ணீரை உள்ளே வாங்கிக்கொண்டு வேறொரு படிகமாக மாறியிருந்தால் நாம் அளந்தது வேறு பொருளை. ஒரே மருந்துக்கு இரண்டு ஆய்வகங்கள் சொல்லும் எண்கள் மூன்று, நான்கு மடங்கு வேறுபடுவது இப்படித்தான்.

கரைப்பானை மாற்றினால் எண் எங்கெங்கோ ஓடும். ஸ்டாக்ஹோமில் கிரான்பெரியும் ராஸ்முசனும் 26 கரைப்பான்களில் பாரசிட்டமாலை அளந்து 1999இல் வெளியிட்டார்கள். 30 டிகிரியில் ஒரு கிலோ தண்ணீரில் 17 கிராம், எத்தனாலில் 230 கிராமுக்கு மேல், டொலுவீனில் அரை கிராம்கூட இல்லை, டைமெத்தில் சல்ஃபாக்சைடில் ஒரு கிலோவுக்கும் மேல். ஒரே வெள்ளைத் தூள்தான்.

ஒவ்வொரு மருந்தையும் ஒவ்வொரு கரைப்பானிலும் குலுக்கிக்கொண்டிருக்க முடியுமா? முன்கூட்டியே கணிக்க முடிந்தால் காலமும் பணமும் மிச்சம். தண்ணீருக்கு அமெரிக்கரான யால்கோவ்ஸ்கி தந்த சமன்பாடு வியக்கத்தக்க அளவு எளியது. இரண்டே தகவல்கள் போதும். ஒன்று உருகுநிலை: படிகத்துக்குள் மூலக்கூறுகள் எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பதை அது காட்டும். இன்னொன்று, எண்ணெய்ப் பக்கமா தண்ணீர்ப் பக்கமா, அந்த மூலக்கூறு எந்தப் பக்கம் அதிகம் சாயும் என்பதற்கான மடக்கை எண். உருகுநிலையிலிருந்து 25ஐக் கழித்து நூறால் வகுத்து, அதையும் மடக்கை எண்ணையும் 0.5இலிருந்து கழித்தால், லிட்டருக்கு இத்தனை மோல் என்ற கணக்கில் கரைதிறனின் மடக்கை கிடைக்கும். பாரசிட்டமாலின் உருகுநிலை 169 டிகிரி, மடக்கை எண் சுமார் 0.46. கணக்குப் போட்டால் விடை மைனஸ் 1.4, அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 6 கிராம். உண்மையில் கரைவது 14. இரண்டு மடங்குக்கு மேல் பிழை இருந்தும் இதை நல்ல கணிப்பு என்றுதான் துறையில் சொல்வார்கள். பத்து மடங்கு தவறும் மருந்துகள் எத்தனையோ உண்டு.

2008இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஒரு போட்டியே வைத்தார்கள். கவனமாக அளந்த 100 மருந்துகளின் கரைதிறனை வெளியிட்டு, இன்னும் 32 மருந்துகளுக்கு நீங்களே கணித்துச் சொல்லுங்கள் என்றார்கள். உலகெங்கிலுமிருந்து விடைகள் வந்தன. எல்லாவற்றையும் சரியாகச் சொன்னவர் எவரும் இல்லை. கணினியின் வேகம் அதற்குப் பிறகு பன்மடங்கு கூடியும் சிக்கல் தீர்ந்தபாடில்லை. மூலக்கூறின் படத்தைப் பார்த்து அது தண்ணீரோடு எப்படிப் பழகும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். தன் இனத்தோடு சேர்ந்து எப்படிப்பட்ட படிகம் கட்டும் என்று சொல்வதுதான் கடினம். எய்ட்ஸ் மருந்தான ரிடோனாவிர் 1996இல் விற்பனைக்கு வந்தது. 1998இல் அதுவரை எவரும் பார்த்திராத புதிய படிக வடிவம் உற்பத்தியில் தலைகாட்டியது. மூலக்கூறு அதேதான், கரைவது மட்டும் வெகுவாகக் குறைந்துவிட்டது. கேப்சூலைச் சந்தையிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று.

உடம்புக்குள் கதை இன்னும் நீளும். 1995இல் கோர்டன் அமிடன் குழு வகுத்த முறைப்படி, மருந்தின் உச்ச அளவு 250 மில்லி நீரில், வயிற்று அமிலத்திலிருந்து குடல்வரையிலான பி.எச். எல்லையில் கரைந்துவிட்டால் அது நன்றாகக் கரையும் மருந்து. வெறும் வயிற்றில் மாத்திரையோடு ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பதிலிருந்து வந்த கணக்கு அந்த 250. கரைந்தால் மட்டும் போதாது, குடல் சுவரையும் கடக்க வேண்டும். சென்னோசைடு கடக்காது. சர்க்கரை ஒட்டிய பெரிய மூலக்கூறு என்பதால் சிறுகுடல் அதை உறிஞ்சாமல் விட்டுவிடுகிறது. பெருங்குடலில் உள்ள பாக்டீரியா சர்க்கரையை வெட்டி எடுத்த பிறகே மருந்து விழித்துக்கொள்கிறது. இரவில் போட்ட மாத்திரை காலையில் வேலை செய்வது அதனால்தான். மற்ற மருந்துகளுக்குக் குறையாக இருப்பது இதற்குத் தகுதியாகிவிட்டது.

இப்போது மனத்தைப் பிசையும் பகுதிக்கு வருகிறேன். பாரசிட்டமால் தண்ணீரில் மில்லிக்கு 14 மில்லிகிராம் கரையும் என்று பார்த்தோம். குழந்தைகளுக்கான மருந்திலோ 5 மில்லிக்கு 120 அல்லது 250 மில்லிகிராம் இருக்கும்; அதாவது மில்லிக்கு 24 அல்லது 50. வெறும் தண்ணீர் இதைத் தாங்காது. ஒன்று, தூளைக் கரைக்காமல் மிதக்கவிட வேண்டும். ‘குலுக்கிவிட்டுக் கொடுக்கவும்’ என்று புட்டியில் அச்சிடுவது இதற்காக. இல்லையேல் துணைக் கரைப்பான் வேண்டும். புரொப்பிலீன் கிளைகாலும் கிளிசரினும் சிரப்புக்குள் நுழைவது இந்த வழியாகத்தான். அவற்றைப் போலவே நிறமற்று, கொழகொழப்பாக, இனிப்பாக இருக்கும் தொழிற்சாலை ரசாயனம் டைஎத்திலீன் கிளைகால். அது சிறுநீரகத்தைக் கொல்லும்.

1937இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று சல்ஃபானிலமைடைத் திரவமாக விற்க விரும்பியது. அது தண்ணீரில் சரியாகக் கரையவில்லை, டைஎத்திலீன் கிளைகாலில் கரைந்தது. சுவை, நிறம், மணம் மூன்றையும் சோதித்தார்கள். நஞ்சா என்று சோதிக்கவில்லை. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். மறு ஆண்டு அமெரிக்காவில் புதிய மருந்துச் சட்டம் வந்தது. 1972இல் சென்னையில் அதே நஞ்சு கலந்த மருந்தால் குழந்தைகள் இறந்தார்கள். 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரினில் கலந்து உயிர்களைக் குடித்தது. 2025இல் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்தைக் குடித்த மத்தியப் பிரதேசக் குழந்தைகள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அந்த மருந்தில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் இருந்தது தெரிந்தது. ஏறத்தாழ பாதிப் புட்டி. அந்த மருந்திலும் பாரசிட்டமால் இருந்தது.

நிலாவரைச் சாற்றை இறக்கிய மெத்தனாலும் நஞ்சுதான். அதனால்தான் இறுதி மருந்தில் பத்து லட்சத்துக்கு 3,000 பங்குக்கு மேல் மெத்தனால் தங்கக் கூடாது என்று சர்வதேச வரம்பு வைத்திருக்கிறார்கள். பழைய நூல்கள் இலையின் கொழுப்பை நீக்கச் சொல்லும் பென்சீனுக்கு அந்த வரம்பு வெறும் 2 பங்கு. அளந்து பார்க்கும் பழக்கம் இருப்பதால் அந்த மாத்திரையை நம்பி விழுங்குகிறோம். இலைக்கும் இதே அளவுகோல் வேண்டும் என்பேன். நிறத்தைப் பார்த்துத் தரம் பிரிப்பது பழைய வழக்கம். வாங்குபவருக்கு வேண்டியதோ சென்னோசைடு சதவீதம். அதை அறிய இலையின் சாற்றை நீரில் இறக்கி, குளோரோஃபார்மில் அழுக்கெடுத்து, ஈதருக்கு மாற்றி, கடைசியில் மக்னீசியம் அசிடேட் கலந்த மெத்தனாலில் கரைத்து, தோன்றும் சிவப்பை 515 நானோமீட்டரில் படிக்க வேண்டும். அந்த எண் விளைவித்தவர் கைக்கும் வந்தால் பேரம் பேச வலு கிடைக்கும்.

சிரப்புக்கான வரம்பும் ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது: புரொப்பிலீன் கிளைகாலிலும் கிளிசரினிலும் டைஎத்திலீன் கிளைகால் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வாயு நிறப்பிரிகைக் கருவியில் அதைக் கண்டுபிடிக்கலாம். வந்திறங்கும் ஒவ்வொரு பீப்பாயையும் அப்படிச் சோதிக்காத ஆலைக்கு, ஒரு நாள்கூடக் குழந்தைகளுக்கான மருந்து தயாரிக்கும் உரிமம் இருக்கக் கூடாது.