பித்தியா மேரி குரோக்கர்

பித்தியா மேரி குரோக்கர் (இறப்பு: அக்டோபர் 20, 1920) அயர்லாந்தில் பிறந்து, பிரித்தானிய இந்தியாவில் 14 ஆண்டுகள் வாழ்ந்த ஆங்கில எழுத்தாளர் ஆவார். நாற்பதுக்கும் மேற்பட்ட புதினங்களை எழுதியபோதும், இவர் இன்று பெரிதும் அறியப்படுவது பேய்க்கதைகளாலேயே ஆகும்.

வாழ்க்கை

இவர் ரோஸ்காமன் மாவட்டத்தில் ஒரு பாதிரியாரின் மகளாகப் பிறந்தார். இளமையில் குதிரையேற்றத்தில் பெயர் பெற்றிருந்தார். 1871 இல் ஜான் ஸ்டோக்ஸ் குரோக்கர் என்னும் படை அலுவலரை மணந்தார். 1877 இல் கணவருடன் சென்னை மாகாணத்துக்கு வந்தார். நீலகிரியில் குன்னூரை அடுத்த வெலிங்டன் படைமுகாமில் சில காலம் வாழ்ந்தபோது பல நூல்களை எழுதினார். அப்போது குன்னூருக்குத் தொடர்வண்டி கிடையாது. மலைப்பாதை 1899 இல் தான் திறக்கப்பட்டது. கோடையின் நீண்ட பகல்களைக் கழிக்கவே இவர் எழுதத் தொடங்கினார். 1882 இல் ஆசிரியர் பெயரின்றி வெளியான முதல் புதினமான பிராப்பர் பிரைடு, பிரித்தானியப் பிரதமர் கிளாட்ஸ்டன் நாடாளுமன்றத்தில் அமர்ந்து அதைப் படித்ததாகப் பரவிய செய்தியால் புகழடைந்தது. கணவர் 1892 இல் ஓய்வு பெற்றபின் இருவரும் அயர்லாந்து திரும்பினர். குரோக்கர் இலண்டனில் காலமானார்.

பேய்க்கதைகள்

விருந்து, நடனம், குதிரைச் சவாரி என ஆங்கிலேயர் பொழுதுபோக்கிய மலைவாழிடங்களே இக்கதைகள் பலவற்றின் களம். 1893 இல் வெளிவந்த டு லெட் தொகுப்பின் தலைப்புக் கதையில், மலைநகரில் வியப்பூட்டும் மலிவான வாடகைக்கு ஒரு பங்களா கிடைக்கிறது. மழைக்காலம் தொடங்கியதும் அதன் காரணம் புலப்படுகிறது: குதிரையோடு பள்ளத்தில் விழுந்து இறந்தவனின் குளம்பொலி வராந்தாவருகே மீண்டும் மீண்டும் கேட்கிறது. குதிரையை நன்கறிந்த ஒருவரின் கதை என்பது படிப்போருக்கு உடனே விளங்கும். மற்றொரு கதையில், மாட்டுவண்டியில் பயணம் செய்யும் இரு பெண்கள் தனித்த ஒரு டாக் பங்களாவில் தங்குகின்றனர். அங்கு முன்பு நடந்த கொலை இரவில் கண்முன் நிகழ்கிறது.

இக்கதைகளின் அச்சம் பேயினால் மட்டும் வருவதன்று. அன்னிய நாட்டில், பிறர் வாழ்ந்து விட்டுச்சென்ற வீடுகளில் மாறி மாறிக் குடியிருந்த வாழ்க்கையே அவற்றின் அடிப்படை. வீட்டின் வரலாற்றை அறிந்த இந்தியப் பணியாளர்கள் ஓரிரு வரிகளுடன் ஒதுங்கிவிடுவது இவற்றின் குறையாகும். எனினும் 1895 இல் வெளியான வில்லேஜ் டேல்ஸ் அண்டு ஜங்கிள் டிராஜடீஸ் தொகுப்பில் இந்திய சிற்றூர் மக்களே முதன்மை மாந்தர்களாக வருகின்றனர்.

இவரது பேய்க்கதைகளை ரிச்சர்டு டால்பி தொகுத்து 2000 இல் நம்பர் நைன்டி என்னும் தலைப்பில் மறுபதிப்பாக வெளியிட்டார்.