கேட்டது கிடைக்கும்... கவனமா கேளுங்க!

மதியச் சாப்பாடு முடிந்து வரும் முதல் பீரியட். தூக்கம் கண்ணைக் கட்டும். கையில் கிடைத்த ஜெம் கிளிப்பை நாலு பக்கமும் வளைத்து, எதற்கும் உதவாத ஒரு உருவம் செய்வோமே... கிட்டத்தட்ட அப்படியொரு கம்பியைத்தான் 2006 மார்ச் மாதம் நாசா விண்வெளிக்கு அனுப்பியது. ஜோக் இல்லை பாஸ்! எஸ்.டி.5 என்ற திட்டத்தின் மூன்று குட்டிச் செயற்கைக்கோள்களுக்கான ஆன்டெனா அது. அதன் வடிவத்தை எந்த இன்ஜினீயரும் வரையவில்லை. கம்ப்யூட்டர்தான் கண்டுபிடித்தது.

எப்படி? நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி மையத்தில் டார்வினைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். முதலில் கம்ப்யூட்டர் கண்டபடி வளைந்த கம்பிகளாக ஒரு கூட்டத்தையே உருவாக்கும். ஒவ்வொன்றும் எவ்வளவு நன்றாக சிக்னல் அனுப்பும் என்று கணக்குப் போட்டு மார்க் கொடுக்கும். நல்ல மார்க் வாங்கியவை மட்டும் அப்பா, அம்மா ஆகலாம். அவற்றைக் கலந்து, இங்கே ஒரு வளைவு, அங்கே ஒரு திருப்பம் என்று லேசாக மாற்றினால் அடுத்த தலைமுறை. ஃபெயிலானவை அவுட். அரியர் எழுதக்கூட சான்ஸ் கிடையாது! செயற்கை நுண்ணறிவுக் குடும்பத்தில் பழைய ஆளான இந்த முறைக்கு 'ஜெனட்டிக் அல்காரிதம்' என்று பெயர்.

சுவாரஸ்யமே இதற்கப்புறம்தான். ஆன்டெனா தயாரான பிறகு செயற்கைக்கோள்களின் சுற்றுப்பாதையை மாற்றிவிட்டார்கள். பழைய வடிவம் இனி உதவாது. மனிதர் வரைந்திருந்தால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இவர்களோ தேவைகளை மட்டும் திருத்தி எழுதி, புரோகிராமை மறுபடி ஓடவிட்டார்கள். ஒரே மாதத்துக்குள் புது டிசைன், கையில் தொட்டுப் பார்க்கிற மாதிரி வடிவத்தோடு ரெடி!

'அப்போ நாங்க எதுக்கு சார் நாலு வருஷம் மெக்கானிக்கல் படிக்கணும்?' என்று பின் பெஞ்சிலிருந்து குரல் கேட்கிறது. நியாயமான கேள்விதான். பதிலுக்கு ஒரு காரின் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்க்கலாம், வாங்க.

சீட்டைத் தரையோடும், சீட் பெல்ட் பூட்டைச் சீட்டோடும் பிடித்து வைக்க ஒரு பிராக்கெட் இருக்கும். 2018-ல் ஜெனரல் மோட்டார்ஸும் ஆட்டோடெஸ்க்கும் சேர்ந்து அதைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தார்கள். 150-க்கும் மேற்பட்ட டிசைன்களைக் கொட்டியது. அதிலிருந்து தேர்ந்தெடுத்தது, எலும்புக்கூடு போல வளைந்து நெளிந்த ஒரே துண்டு. பழைய பிராக்கெட்டில் 8 பாகங்கள். புதியது 40 சதவிகிதம் எடை குறைவு, 20 சதவிகிதம் வலிமை அதிகம். எட்டு ஒன்றானால் வெல்டிங் மிச்சம், எட்டு பாகங்களையும் தனித்தனியாக வாங்கி, ஸ்டாக் வைத்து, சேர்க்கும் வேலையும் மிச்சம்.

ஆனால் இது சோதனை முயற்சிதான். அந்த நெளிவுகளுக்குள் சி.என்.சி. மெஷினின் கட்டர் நுழையவே முடியாது. முப்பரிமாண பிரின்டரில்தான் செய்ய வேண்டும். ஒன்றிரண்டு செய்யலாம். லட்சக்கணக்கில் என்றால் நேரமும் செலவும் பயமுறுத்தும்.

இப்போ பின் பெஞ்சுக்குப் பதில். இந்த பிராக்கெட் டிசைனைத் தொடங்க கம்ப்யூட்டருக்கு என்னென்ன சொல்ல வேண்டும்? போல்ட் எங்கே வரும், எந்தப் பக்கமிருந்து எவ்வளவு விசை, எந்த உலோகம், எதில் செய்யப் போகிறோம். இத்தனையும் சொல்ல வேண்டியது நீங்கள்தான். பிராக்கெட்டின் மேல் அசையாத எடையை மட்டும் சொன்னீர்கள் என்று வையுங்கள். மேடு பள்ளத்தில் லட்சம் தடவை குலுங்கும் என்று சொல்ல மறந்துவிட்டீர்கள். கம்ப்யூட்டர் என்ன செய்யும்? எடையைக் குறைக்கத்தானே சொன்னார் என்று கைகளை ஒல்லியாகச் செதுக்கித் தரும். திரையில் எல்லாம் பச்சையாக, பத்திரமாகத் தெரியும். ஒரு நாள் 'ஃபெட்டீக்' வந்து கீறல் விடும். மூன்றாவது செமஸ்டரில் புலம்பிக்கொண்டே படித்த அந்த சேப்டர்தான்!

சொல்ல மறந்ததை அது செய்யாது என்பது பாதிக் கதை. சொல்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்கவும் செய்யும். 1996-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் தாம்ஸன் என்ற ஆராய்ச்சியாளர் இதே டார்வின் வித்தையை ஒரு நிஜ சிப்பின் மேல் செய்தார். வேலை சின்னது. 1 கிலோ ஹெர்ட்ஸ், 10 கிலோ ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகளைப் பிரித்துச் சொல்ல வேண்டும். சிப்பின் ஒரு மூலையில் 100 செல்கள், கடிகாரத் துடிப்பு கிடையாது. ஆயிரக்கணக்கான தலைமுறைக்குப் பிறகு கச்சிதமாகப் பிரித்தது. 'எப்படிடா?' என்று திறந்து பார்த்தால் தலைசுற்றல். சர்க்யூட்டோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் சில செல்கள் சும்மா கிடந்தன. சரி, வேஸ்ட் என்று எடுத்தால் மொத்தமும் சொதப்பியது! அந்தச் சிப்பின் உள்விவகாரங்களையே அல்காரிதம் உபயோகித்துக்கொண்டிருந்தது. டிசைனைச் சிப்பின் வேறு இடத்துக்கு நகர்த்தினாலே தரம் குறைந்தது. பழகிய வெப்பநிலையை விட்டு விலகினால் தடுமாறியது. 'எந்த இடத்திலும், எந்த வெயிலிலும் வேலை செய்யணும்' என்று யாரும் கேட்கவில்லையே!

என்னைக் கேட்டால், இதைச் சாமர்த்தியம் என்று பாராட்டலாம், சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள முடியாது.

தொழிற்சாலையில் கேமரா வைத்து ஓட்டை உடைசல் கண்டுபிடிக்கும் ஏ.ஐ.யிலும் இதே கூத்துதான். ஆயிரம் பாகங்களில் ஐந்துதான் பழுது என்றால், எல்லாவற்றுக்கும் 'ஓகே' போடும் சோம்பேறிக்குக்கூட 99.5 சதவிகித மார்க் வந்துவிடும். மார்க்கைப் பார்த்து மயங்கினால், தப்பிய ஐந்தும் யாருடைய பைக்கிலோ ஓடும்.

கேட்கும் கலையைப் பழக காஸ்ட்லி சாஃப்ட்வேர் வேண்டாம். டென்மார்க் பேராசிரியர் ஓலே சிக்மண்ட் 2001-ல் வெளியிட்ட ஒரு மேட்லாப் புரோகிராம் இருக்கிறது. மொத்தமே 99 வரி! (இது ஏ.ஐ.யே இல்லை, வெறும் கணக்கு என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. இருக்கட்டும்.) உத்தரம் ஒன்றில் பாதிப் பொருளை எடுத்துவிட்டு மீதியை எங்கே வைத்தால் குறைவாக வளையும் என்று வரைந்து காட்டும். கறுப்பு உலோகம், வெள்ளை காலி இடம். ஓடவிட்டு, வரும் பாலம் போன்ற படத்தைச் சேமித்து வையுங்கள். பிறகு, லோடு எங்கே என்று சொல்லும் வரியை மட்டும் திருத்தி, அதை மேல் வலது மூலைக்கு நகர்த்தி மறுபடி ஓட்டுங்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் படத்தில் அந்த மூலை இருக்கிற இடம், வெள்ளை வெளேர்!