ஆய்வுகூடத்தில் வளரும் ஈரல்



மாத்தளை மாவட்டத்து வில்கமுவவில் வயல் செய்யும் கமக்காரர் ஒருவரைக் கேளுங்கள். விதை எத்துணைச் சிறந்ததாயினும், மண் பண்பட்டு, வாய்க்கால் நீர் எட்டினாலன்றிப் பயிர் தழையாது என்பார். இன்று நாம் பேசவிருக்கும் விஞ்ஞானத்துக்கும் இவ்வுண்மையே அடிப்படை. இங்கே விதை மனித உடலின் கலம். விளைவிக்க முயல்வது ஈரல் இழையம்.

வளர்ந்த ஒருவரின் ஈரல் ஏறத்தாழ 1.5 கிலோகிராம் எடையுள்ளது. நஞ்சை முறிப்பதும், அல்புமின் என்னும் புரதத்தை ஆக்குவதும், பித்தநீரைச் சுரப்பதும் அதன் பணிகளுட் சில. நலமான ஈரலில் மூன்றில் இரு பங்கை வெட்டி நீக்கினும் எஞ்சியது மீண்டும் வளரவல்லது. ஆயினும் அதே கலங்களைப் பிரித்தெடுத்துத் தட்டையான கிண்ணத்தில் வளர்த்தால், சில நாள்களிலேயே தம் தொழிலை மறந்துவிடுகின்றன.

இத்தடையைக் கடந்தது எவ்வாறு? இந்தியப் பெற்றோருக்கு அமெரிக்காவிற் பிறந்த அறிஞர் சங்கீதா பாட்டியா, ஈரற் கலங்களைத் துணைக் கலங்களோடு ஒழுங்கான கோலத்தில் அமைத்து வளர்த்தார். அயலவர் துணை கிடைத்ததும் அவை வாரக்கணக்கில் தொழிற்பட்டன. 2013இல் யப்பானின் யோக்கோகாமாவில் தகபே தகனோரி குழுவினர் மூவகைக் கலங்களைச் சேர்த்துச் சிறு ஈரல் மொட்டுகளை உருவாக்கினர். எலிகளிற் பதித்தபோது, எலியின் குருதிக் குழாய்களோடு அவை இணைந்தன.

2015இல் பெங்களூரின் பண்டோரம் நிறுவனத்தார், கலங்களைக் கூழ் போன்ற பொருளிற் கலந்து, முப்பரிமாண அச்சுமுறையால் ஈரல் இழையம் ஆக்கியதாக அறிவித்தனர். புதிய மருந்து ஈரலுக்குத் தீங்கு செய்யுமா என்பதை, மனிதருக்குக் கொடுக்குமுன் இத்தகைய இழையத்திற் சோதித்தறியலாம்.

அப்படியாயின் முழு ஈரலை ஆக்குவதில் என்ன தடை? குருதிக் குழாயிலிருந்து ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றருக்கு அப்பாலுள்ள கலத்துக்குப் போதிய ஒட்சிசன் எட்டுவதில்லை. வாய்க்கால் எட்டாத வயல் வாடுவதுபோல் அதுவும் மடிகிறது. நுண்ணிய குழாய்வலையை முழுமையாக அமைக்கும் வித்தை இன்னும் கைகூடவில்லை. ஆதலால், ஈரல் முற்றும் பழுதுற்றவருக்கு இன்றும் உறவினர் ஈயும் ஒரு பகுதியோ, இறந்தவர் விட்டுச்செல்லும் ஈரலோதான் கதி.

ஆய்வுகூடம் நம்பிக்கை தருகிறது. அதுவரை உயிர் காப்பது மனிதரின் ஈகையே.